மூளை தானம்: நீங்கள் கேட்டவை

ஆட்டிசம், ரெட் சிண்ட்ரோம், டவுன் சிண்ட்ரோம் போன்ற மூளை வளர்ச்சிக் கோளாறுகளை ஆராய இறந்தவர் மூளையைத் தானம் செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆராய்ச்சிக்காக மூளைத் திசுவைச் சேமித்து வைக்கும் ஒரு மூளை வங்கியில் குடும்பங்களோடு பேசுவதும் வந்து சேரும் திசுவைப் பதிவு செய்வதும் என் வேலை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஸ்கேன் இருக்கிறது, எலி இருக்கிறது, ஆய்வகத்தில் குட்டி மூளையே வளர்க்கிறார்கள். அப்புறம் இறந்தவர் மூளை எதற்கு மேடம்?

எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளி என்பது சுமார் ஒரு கன மில்லிமீட்டர். அதற்குள் பல்லாயிரம் நியூரான்கள் இருக்கின்றன. ஒற்றைச் செல்லில் என்ன நடந்தது என்பது ஸ்கேனில் தெரியாது. எலிக்குப் பேச்சு கிடையாது, பேச்சு தாமதமாவதை அதனிடம் எப்படிப் பார்ப்பது? குட்டி மூளைகள் அருமையானவைதான், ஆனால் அவை கருவிலிருக்கும் சிசுவின் மூளைப் பருவத்தைத் தாண்டி அதிகம் வளர்வதில்லை.

திசு காட்டியதைச் சொல்கிறேன். 1985இல் பாமன், கெம்பர் என்ற நரம்பியல் மருத்துவர்கள் இருவரும் ஆட்டிசம் இருந்த 29 வயதுக்காரர் ஒருவரின் மூளையைச் சீவிப் பார்த்தார்கள். சிறுமூளையில் புர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்புச் செல்கள் குறைந்திருந்தன. 2014இல் இறந்துபோன குழந்தைகளின் மூளைப் புறணியை, அதாவது மூளையின் வெளிப்பகுதியை, ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் இருந்த 11 பேரில் 10 பேருக்குச் செல்களின் அடுக்கு கலைந்த சிறு திட்டுகள் தெரிந்தன. ஆட்டிசம் இல்லாத 11 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அந்த அடுக்குகள் உருவாவதே தாயின் வயிற்றில். குழந்தையைச் சரியாகக் கொஞ்சவில்லை என்று தாய் மேல் பழி போட்ட காலம் ஒன்று உண்டு. அந்தப் பழியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஆனால் மொத்தமே 22 குழந்தைகள். அதை வைத்து அதிக தூரம் போக முடியாது, அதனால்தான் இன்னும் திசு தேவைப்படுகிறது.

முகம் கெட்டுப்போகுமா? உறவினர் பார்க்க வைக்க முடியுமா?

முடியும். ஒரு காதின் பின்புறத்திலிருந்து மறு காதின் பின்புறம் வரை, தலைக்கு மேலாக முடிக்குள் கீறுவார்கள். மூளையை எடுத்த பிறகு மண்டையோட்டை மறுபடி பொருத்தித் தோலைத் தைத்துவிடுவார்கள். முகத்தில் கை படாது. முடி இல்லாதவர் என்றால் தையல் தெரியலாம், ஒரு துணி போதும்.

எடுத்த மூளையை என்ன செய்வீர்கள்?

பதப்படுத்தாத மூளை நாம் நினைப்பதைவிட மிருதுவானது. தட்டில் வைத்தால் தன் எடைக்கே தட்டையாகும். பெரும்பாலும் இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதியை சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக அறுத்து, உறையவைத்து, பையிலிட்டு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்போம். மறு பாதி பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகும். சில வாரங்களில் ரப்பர் போல இறுகிவிடும். உறைந்த பாதியில் ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு), புரதம் பார்க்கலாம். பார்மலின் பாதியில் செல்களின் அமைப்பைப் பார்க்கலாம். பையின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான பயம். 2012இல் பாஸ்டன் அருகே ஒரு மூளை வங்கியில் ஃப்ரீசர் நின்றுபோனது, அலாரமும் அடிக்கவில்லை. உலகின் பெரிய ஆட்டிசம் மூளைச் சேகரிப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பழுதானது. எல்லாவற்றையும் ஒரே ஃப்ரீசரில் போட்டு வைக்காதே என்று இந்தத் துறை கற்றுக்கொண்டது அப்படித்தான்.

எவ்வளவு நேரத்துக்குள்?

24 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது, சில வங்கிகள் 48 வரை ஏற்கும். உடலைச் சீக்கிரம் குளிரில் வைக்கச் சொல்லுங்கள். வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவதும் கூடாது. வென்டிலேட்டரில் மூளைச் சாவு நிலையில் நாள்கணக்கில் இருந்தவர் மூளை பெரும்பாலும் பயன்படாது.

அழுகைக்கு நடுவே, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமலே பாதி நேரம் போய்விடுகிறது. நான் பார்த்தவரை தானம் தவறிப்போவது மனமில்லாததால் அல்ல, முன்னாலேயே பேசாததால்.

என் மகனுக்கு ஒன்பது வயது. இதை எழுதி வைத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வாயில் வைக்கக் கூடாத பேச்சு என்றுதான் எல்லாப் பெற்றோரும் ஆரம்பிக்கிறார்கள் அம்மா. பதிவு செய்ததை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இப்போது முடியவில்லையா, விட்டுவிடுங்கள்.

உறுப்பு தான அட்டை இருக்கிறது, போதாதா?

போதாது. மூளை அதில் வராது, தனியாகச் சம்மதம் வேண்டும். கண், சிறுநீரகம் கொடுப்பவரும் பல சமயம் மூளையைக் கொடுக்கலாம். முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்கு எழுதியிருந்தால் அங்கே முதலில் கேளுங்கள்.

வலிப்பிலோ விபத்திலோ இறந்து, பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டி வந்தால்?

பரிசோதனைக்குப் பொறுப்பான அதிகாரியின் அனுமதியோடு பல நேரங்களில் முடியும். வலிப்பும் ஆட்டிசமும் சேர்ந்தே வருவது அதிகம் என்பதால் இந்தத் திசு மிகவும் தேவைப்படுகிறது. பரிசோதனை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு எந்தக் கோளாறும் இல்லை. நான் கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! அந்த 2014 ஆய்வை மறுபடி பாருங்கள். ஆட்டிசம் இல்லாத அந்த 11 பேர் இல்லையென்றால் அந்தத் திட்டுகள் எல்லார் மூளையிலும் இருப்பவையா இல்லையா என்றே சொல்லியிருக்க முடியாது. அதே வயது, முடிந்தால் அதே பாலினம் என்று ஜோடி தேடுவோம். சிறு வயதில் ஜோடி கிடைப்பதுதான் கஷ்டம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூடப் பிறந்தவர்கள், பெற்றோர், உறவே இல்லாதவர், யாரானாலும் சரி.

செலவு? ரிப்போர்ட் தருவார்களா?

குடும்பத்துக்குச் செலவு இல்லை, பணம் தருவதும் இல்லை. நோயியல் அறிக்கை கேட்டால் தருவார்கள், மாதக்கணக்கில் ஆகும். திசுவை மட்டும் பார்த்து இது ஆட்டிசம் என்று உறுதியாகச் சொல்லும் அடையாளம் எதுவும் கிடையாது. அதனால் எப்போது பேச ஆரம்பித்தார், எதற்குக் கோபப்பட்டார் என்று வீட்டாரிடம் நீண்ட நேரம் பேசுவோம். அந்தப் பேச்சும் திசு அளவுக்கு முக்கியம்.

என் மகள் ரெட் சிண்ட்ரோமில் போய் ஆறு வருடம் ஆகிறது. அப்போது இதெல்லாம் தெரியாது.

தெரியாததற்கு நீங்கள் பொறுப்பில்லை அம்மா. அவளுடைய சிறு வயது வீடியோக்கள், மருத்துவக் குறிப்புகள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். உங்கள் மூளையையும் நீங்கள் பதிவு செய்யலாம்.

எனக்கு ஆட்டிசம் உண்டு, வயது 34. நானே கையெழுத்துப் போடலாமா? எங்களை இல்லாமல் ஆக்கவா இந்த ஆராய்ச்சி?

போடலாம், நீங்கள் போடுவதுதான் எனக்கும் பிடிக்கும். இரண்டாவது கேள்வியை வங்கியிடமே கேளுங்கள்: திசு யாருக்குப் போகிறது, எந்த ஆராய்ச்சிக்கு, யார் முடிவு செய்கிறார்கள். மழுப்பினால் வேறு வங்கி பாருங்கள். ஒன்று மட்டும். நீங்கள் பதிவு செய்திருந்தாலும் இறந்த பின் நெருங்கிய உறவினர் சம்மதிக்க வேண்டும். அது யார் என்று யோசித்து, வங்கியின் எண்ணை அவர் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.