தம்பி உள்ள வாறான், நிலாவெளிக் கூட்டாளி ஏன் வரேலாம நிக்கிறான்?

கேள்வி: அண்ணா, ஓஎல் சோதினை முடிஞ்சு வீட்டிலதான் நிக்கிறன், அப்பான்ட பழைய லப்டொப்பில மைன்கிராப்ட் கேம் ஜாவா எடிஷன் சேர்வர் ஒண்டு முதல்முதலாப் போட்டிருக்கிறன். வீட்டு வைபையில என்ட தம்பி டக்கெண்டு உள்ள வாறான், ஆனா நிலாவெளியில இருக்கிற கூட்டாளிக்கும் டொரண்டோ மச்சானுக்கும் 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' எண்டுதான் வருது. சிம் போடுற ரவுட்டர், அதில 25565 போர்ட்டையும் (வெளியாக்கள் சேர்வருக்கு வாற வாசல்) திறந்திட்டன். பயர்வோலை நிப்பாட்டச் சொல்றாங்கள், நிப்பாட்டவா? - உப்புவெளி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி, பயர்வோலைத் தொடாதைங்கோ. உங்கட தம்பி உள்ள வாறான் எண்டா ஜாவா சரி, ஈயூலா (கேம் விதிகளுக்குச் சம்மதம் சொல்ற) பைல்ல ட்ரூ எண்டு மாத்தினதும் சரி, சேர்வர் நல்லாத்தான் ஓடுது. பிழை வெளியால வாற பாதையில.

ரவுட்டர் பக்கத்தைத் திறந்து அதில 'வான் ஐபி' (ரவுட்டருக்கு சிம் கம்பனி குடுத்த இன்டர்நெட் விலாசம்) எண்டு என்ன நம்பர் கிடக்கு எண்டு பாருங்கோ, பிறகு கூகிள்ல 'வட் இஸ் மை ஐபி' எண்டு தேடி அதையும் பாருங்கோ. ரெண்டும் வேற வேறயா இருந்து, ரவுட்டர்ல உள்ளது 10ல இல்லாட்டி 100.64க்கும் 100.127க்கும் இடையில தொடங்கினா, கம்பனி கனக்க வீடுகளை ஒரே வெளி ஐபிக்குப் பின்னால வச்சிருக்கு எண்டு அர்த்தம். சிம் இன்டர்நெட்டில இது சாதாரணம். நீங்க வீட்டுக் கதவைத் திறந்து வச்சிருக்கிறீங்க, ஒழுங்கை முகப்பில கேட் பூட்டிக் கிடக்கு, அந்தத் திறப்பு கம்பனியிட்ட.

பப்ளிக் ஐபி தருவாங்களா எண்டு கேட்டுப் பாக்கலாம். நான் எண்டா டெய்ல்ஸ்கேல் இல்லாட்டி சீரோடியர் எண்ட, தூரத்து மெஷின்களை ஒரே நெட்வேர்க்காச் சேர்க்கிற மென்பொருள்தான் போடுவன், சின்னக் கூட்டத்துக்குக் காசில்லை, நீங்களும் கூட்டாளியும் மச்சானும் அதை இன்ஸ்டோல் பண்ணி ஒரே நெட்வேர்க்கில சேர்ந்தா மூண்டு பேரும் ஒரே வீட்டு வைபையில இருக்கிற மாதிரித்தான், அது உங்கட லப்டொப்புக்குத் தாற நம்பரை அவங்கள் அடிச்சா சரி. டெய்ல்ஸ்கேல் நம்பரும் 100ல தான் தொடங்கும், குழம்பாதைங்கோ. போர்ட்டைத் திறந்ததை அழிச்சு விடுங்கோ, இனி அது தேவையில்லை.

டொரண்டோ தூரம் எண்டபடியா மச்சான் உடைக்கிற கல்லு கொஞ்சம் பிந்தித்தான் உடையும், அதுக்கு வழியில்லை. ஆனா லப்டொப் திணறினா 'வியூ டிஸ்டன்ஸ்' (எவ்வளவு தூரம் தெரியும் எண்ட சேர்வர் செற்றிங்) 10ஐ 6ஆக் குறையுங்கோ. 10 எண்டா ஒரு ஆளைச் சுத்தி 441 சங்க் (உலகத்தின்ட சதுரத் துண்டு), 6 எண்டா 169தான், பழைய மெஷினுக்கு அது பெரிய ஆறுதல். கன்சோல்ல (சேர்வருக்குக் கட்டளை அடிக்கிற ஜன்னல்) வைட்லிஸ்ட்டை, அதாவது பேர் உள்ள ஆக்களை மட்டும் விடுற பட்டியலை, ஓன் பண்ணி உங்கட தம்பியையும் சேர்த்து நாலு பேரின்ட பேரையும் சேருங்கோ, உண்மையான மைன்கிராப்ட் கணக்கா எண்டு பாக்கிற ஒன்லைன் மோடை ட்ரூவிலயே விடுங்கோ.

இன்னொண்டு, இதை மனசார சொல்றன். போன மாரி மழையில எங்கட வீட்டில கரண்ட் போய், நாலு மாசமா நாங்கள் மைன்கிராப்ட்டில கல்லுக் கல்லாக் கட்டின கோணேசர் மலை, படியும் கோயிலும் கடலும் எல்லாம் சேர்த்து, பிறகு திறக்கவே இல்லை, ஒரு கொப்பி கூட இருக்கேல்ல. அப்பான்ட லப்டொப்பில பற்றரி ஏற்கனவே செத்திருக்கும், வயரைக் கழட்டினா நிண்டிடுமோ எண்டு, சேர்வரை நிப்பாட்டி வச்சிருக்கேக்க ஒருக்காப் பாருங்கோ. இண்டைக்கு இரவு விளையாட்டு முடிய கன்சோல்ல 'ஸ்டொப்' அடிச்சு, அது முழுசா நிண்ட பிறகு 'வேர்ல்ட்' போல்டரை அப்பிடியே பென்டிரைவுக்கு கொப்பி பண்ணுங்கோ.