சொன்னால்தான் வருவார்களா?

கேள்வி: அக்கா, நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். ஏழு வருடமாக ஒரே சபை. சபைக்குக் கட்டும் சங்கக் காணிக்கை பாக்கி வைத்ததில்லை. போன மாதம் என் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நான் ஒருத்திதான் ஓடினேன்; சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சொன்னால்தான் வருவார்களா? மூன்று வாரம் கழித்து சர்ச்சுக்குப் போனால், ஒரு ஆன்ட்டி "ஆளையே காணோம், எங்காவது டூரா?" என்கிறார். அழுதுகொண்டே வந்துவிட்டேன். இப்போது ஞாயிறு காலையில் யூடியூபில் ஆராதனை பார்க்கிறேன். நல்ல பாட்டு, நல்ல பிரசங்கம், யாரோடும் மனஸ்தாபம் இல்லை. இப்படியே இருந்துவிட்டால் தப்பா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான். சேலத்தில் லண்டன் மிஷன் என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கம் ஊழியம் தொடங்கியது 1827-ல். இத்தனை காலத்தில் நம் சபைகளில் எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. காணிக்கைக்கு ரசீது உண்டு, அறுப்பின் பண்டிகைக்கு, அதாவது அறுவடை நன்றித் திருநாளுக்கு, ஏலம் உண்டு, டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ் உண்டு. நாலாவது பெஞ்சில் உட்காரும் குடும்பத்தை மூன்று வாரமாகக் காணோமே என்று பார்ப்பதற்கு மட்டும் ஆள் இல்லை. ஐயர், அதாவது சபைப் போதகர், ஒருவரே அதையும் பார்க்கட்டும் என்றால் நடக்காது.

சரி, "சொன்னால்தான் வருவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், சொல்லத்தான் வேண்டும். பைபிளில் யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக." ஆள் அனுப்ப வேண்டியது வியாதிக்காரர்தான். தானாக வருகிறார்களா பார்ப்போம் என்று கட்டிலில் படுத்தபடி பரீட்சை வைக்கச் சொல்லவில்லை. நீங்கள் யாரிடமாவது தகவல் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, தங்கச்சி. நம் வீடுகளில் இது ஒரு பழக்கம்: நாமாகப் போய்ச் சொன்னால் பணம் கேட்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்.

அப்போஸ்தலர் பவுலுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. மக்கெதோனியாவில் பட்ட பாட்டை, "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும்" என்று கொரிந்து சபைக்கு எழுத்திலேயே போட்டார். தேவன் தனக்கு ஆறுதல் செய்த விதத்தையும் அடுத்த வரியிலேயே சொல்கிறார்: உடன் ஊழியன் தீத்து வந்து சேர்ந்தான். அவ்வளவுதான். ஒரு மனுஷன் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததே அந்த அப்போஸ்தலருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களை ஒட்டிய சின்னச் சபைகளில் வீட்டு ஜெபக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். நவம்பர், டிசம்பரில் பழம் பறிக்கும் சமயம் ஒரு பெண் காய்ச்சலில் படுத்துவிட்டால், காலையிலேயே அவள் வராதது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் கறை படிந்த கையோடு இரண்டு பேர் அவள் வீட்டில் நிற்பார்கள். ஒருத்தி அடுப்பை மூட்டி மிளகு ரசம் வைப்பாள், இன்னொருத்தி பிள்ளைக்குத் தலை வாரிவிடுவாள். ஜெபம் கிளம்பும்போதுதான், அதுவும் இரண்டு நிமிஷம். (நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போய் அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.) அவர்கள் நம்மைவிடப் பக்தியில் பெரியவர்கள் என்று சொல்ல வரவில்லை. இருபது வீட்டில் யார் வீட்டில் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். நகரத்துச் சபையில் அது தானாகத் தெரியாது, யாராவது சொன்னால்தான் உண்டு.

யூடியூப் பிரசங்கம் கேட்பதில் தப்பில்லை. உங்கள் ஐயர் பிரசங்கத்தைவிட நன்றாகவே இருக்கலாம், அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஆனால் அடுத்த வாரம் நீங்கள் பார்க்காவிட்டால் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? மனஸ்தாபம் வராததற்கும் அதுதான் காரணம். அப்புறம், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஒருத்தியாக ஓடினீர்களே, அந்த அனுபவம் உங்கள் சபைக்கு வேண்டும். அடுத்து யாராவது அட்மிட் ஆனால், பழம் வாங்கிக்கொண்டு போவதைவிட ஒரு போர்வை, போன் சார்ஜர், ஃபிளாஸ்க்கில் காபி, கூட இருப்பவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர இரண்டு மணி நேரம், இவைதான் உதவும் என்று தெரிந்தவர் நீங்கள்.

அந்த டூர் ஆன்ட்டி கேட்ட விதம் மோசம்தான். ஆனாலும் அத்தனை பேரில் நீங்கள் வராததைக் கவனித்தவர் அவர் ஒருவர்தானே? அவருக்கே போன் போடுங்கள். "டூரான்னு கேட்டீங்களே ஆன்ட்டி, இவருக்கு ஆபரேஷன் ஆயிருந்தது" என்று நேரடியாகச் சொல்லுங்கள். பதறிப்போய் அன்றைக்கே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றாலும் நிற்பார். வராவிட்டால், பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளரிடம் பேசுங்கள். ஏரியா வாரியாக இரண்டிரண்டு பேர் நோயாளிகளைப் போய்ப் பார்க்கலாமே, அஸ்தம்பட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சேர்த்தே சொல்லுங்கள். வெறும் குறையாகச் சொன்னால் மினிட்ஸில் எழுதி மூடிவிடுவார்கள்.

உங்கள் கணவருக்கு இப்போது எப்படி இருக்கிறது? இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் நீங்களும் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் சபையில் வாலிபர் சங்கம் இருக்குமே, இரண்டு பையன்களைக் கூப்பிடுங்கள்.