கேள்வி நேரம்: மாலில் 200 ரூபாய், வீட்டில் 40,000 ரூபாய்

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மாலில் கண்ணை மூடுகிற ஒரு பெட்டியை, அதாவது கண் முன்னே வேறொரு உலகத்தைக் காட்டுகிற வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிவிட்டு ஐந்து நிமிடம் ஆட்டிவிட்டுக் காசு வாங்குகிறார்களே, அதையே வீட்டுக்கு வாங்கிவிட்டால் என்ன என்று. நம்ம மதுரையையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்ந்தவர்கள் கேட்டதில் ஆறை எடுத்துக்கொண்டேன்.

திருமங்கலம் வாசகர்: சார், போன மாதம் குடும்பத்தோடு மதுரையில் ஒரு மாலுக்குப் போனோம். வி.ஆர். ரோலர் கோஸ்டர், ஆளுக்கு 200 ரூபாய். நான்கு பேருக்கு 800 ரூபாய் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. பெரியவன் திரும்பப் போகணும் என்று நச்சரிக்கிறான். அவன் கண்ணாடி போட்டவன் வேறு. வீட்டுக்கே ஒரு ஹெட்செட் வாங்கிப்போட்டால் காசு மிச்சம்தானே?

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு ஹெட்செட் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய் டிக்கெட்டில் அது 200 சுற்று. நீங்கள் நான்கு பேரும் வருடத்துக்கு நான்கு தடவை போனாலும் 16 டிக்கெட்தான் ஆகும், அந்தக் கணக்கில் போட்ட காசு திரும்ப 12 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தக் கருவி பழைய இரும்புக்குப் போயிருக்கும். அதனால் மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, மாலில் நீங்கள் அனுபவித்தது கடையில் விற்கிற பெட்டிக்குள் இல்லை. அங்கே உங்கள் பிள்ளைகளைக் கத்தவைத்ததில் பாதி கண்ணுக்கு முன்னால் இருந்த படம், மீதிப் பாதி நாற்காலி. பள்ளத்தில் இறங்கும்போது நாற்காலி முன்னால் சாய்கிறது, தண்டவாளம் தடதடக்கும்போது அடியில் அதிர்கிறது, முகத்தில் ஃபேன் காற்று அடிக்கிறது. அதே ரோலர் கோஸ்டரை வீட்டு சோபாவில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவான்.

வீட்டுப் பெட்டியின் ருசியே வேறு. அதில் நேரம் உங்களுடையது. உதாரணத்துக்கு டேபிள் டென்னிஸ். கையில் இருக்கிற கண்ட்ரோலர்தான் மட்டை, பந்து படும்போது உள்ளங்கையில் ஒரு சின்ன அதிர்வு வரும். முதல் நாள் பந்து எங்கெங்கோ பறக்கும். இரண்டு வாரம் தினமும் இருபது நிமிடம் ஆடினால் பேக்ஹேண்ட் திருந்துவது உங்களுக்கே தெரியும். பாட்டுக்கு ஏற்ப கை வீசி ஆடுகிற கேம்களும் அப்படித்தான், அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும். ஐந்து நிமிட டிக்கெட்டில் இதெல்லாம் கிடைக்கவே கிடைக்காது.

சரி, வாங்குவதென்று முடிவெடுத்தால் வீட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். நின்று ஆட 2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி, எதுவும் இல்லாத தரை வேண்டும். சுவருக்குப் பக்கத்தில் போனால் ஹெட்செட் கண் முன்னே ஒரு கோடு காட்டி எச்சரிக்கும், ஆனால் தலைக்கு மேலே ஓடுகிற சீலிங் ஃபேனுக்கு அந்தக் கோடு கிடையாது. நம்ம ஊரில் தாழ்ந்த கூரை வீடுகள் அதிகம், கையை உயர்த்தி ஃபேன் இறக்கையில் அடிபடாத இடமாகப் பாருங்கள். கண்ணாடி போட்ட பையனுக்கு ஃபிரேம் உள்ளே நுழைகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி லென்ஸ் ஹெட்செட் லென்ஸில் உரசினால் இரண்டிலுமே கீறல் விழும். ஃபேஸ்புக்கை நடத்துகிற மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 மாதிரியான ஹெட்செட் 515 கிராம் எடை, சார்ஜ் இரண்டு மணி நேரம் சொச்சம் நிற்கும். அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

முடிந்தால் வாங்குமுன் தெரிந்தவர்களிடம் ஒரு வாரம் இரவல் வாங்கி வையுங்கள். முதல் நாள் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். ஐந்தாம் நாள் யார் தானாக எடுத்து மாட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

செல்லூர் வாசகர்: 9டி, 12டி என்று போர்டு போட்டிருக்கிறார்களே, உண்மையில் எத்தனை டி?

படத்தைப் பொறுத்தவரை மூன்றுதான். மற்றதெல்லாம் காற்று, தண்ணீர்த் தெளிப்பு, நாற்காலி ஆட்டம், காலில் உரசுகிற நூல் என்று ஒவ்வொன்றையும் ஒரு டி என்று அவரவர் எண்ணிக்கொள்வது. இதற்கென்று ஒரு பொது அளவுகோல் கிடையாது, அதனால் 12டி கடை 9டி கடையைவிட நன்றாக இருக்கும் என்று நம்பி அதிகக் காசு கொடுக்காதீர்கள். இந்த யோசனையும் புதிது இல்லை. மார்ட்டன் ஹைலிக் என்கிற அமெரிக்கர் சென்சோராமா என்ற இயந்திரத்துக்கு 1962-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். தலையை உள்ளே விட்டு உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிள் சவாரி, அதிர்கிற இருக்கை, முகத்தில் காற்று, தெருவின் வாசனை எல்லாம் வரும்.

மேலூர் வாசகி: அண்ணே, என் எட்டு வயது மகள் மாலில் அந்த முட்டை வடிவ வி.ஆர். நாற்காலியில் ஏறி இறங்கியதும் முகம் வெளுத்து, அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள். இவளுக்கு வி.ஆரே ஒத்துக்காது என்கிறார்கள். வீட்டில் வாங்கலாம் என்றிருந்த ஆசையை விட்டுவிடுவதா?

ஒரு ரோலர் கோஸ்டரை வைத்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. ஆனால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், அதற்குக் காரணம் வேறு.

வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறுகிற பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தால் வயிற்றைப் புரட்டும், இல்லையா? காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வளைவு வளைவாகப் போகிறோம் என்கிறது, கண் இல்லை அசையாமல் இருக்கிறோம் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது உடம்புக்குக் குமட்டல் வருகிறது. வி.ஆர். ரோலர் கோஸ்டரில் இது அப்படியே தலைகீழ். கண்ணுக்கு நூறடிப் பள்ளம், காதுக்கு ஒரு சாண் சாய்கிற நாற்காலி. நாற்காலி ஆட்டம் இந்த முரண்பாட்டைக் கொஞ்சம் குறைக்கிறதே தவிரப் போக்குவதில்லை, பழைய மெஷினில் ஆட்டமும் படமும் ஒரு கணம் முன்னே பின்னே ஆகிவிட்டால் இன்னும் மோசம். வயிற்றைப் புரட்டுவதில் ரோலர் கோஸ்டர்தான் முதல் வரிசை, மால்களில் அதைத்தான் முதலில் ஏற்றிவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நின்ற இடத்தில் நின்று ஆடுகிற கேமில் இந்தச் சண்டை கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் ஓரடி நகர்ந்தால் படமும் ஓரடி நகரும், தலை திரும்பினால் படமும் திரும்பும். தலை அசைவுக்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் சொல்கிற கணக்கு, நல்ல ஹெட்செட்கள் அதைச் செய்துவிடுகின்றன. மாலில் தலைசுற்றிய பெரியவர்கள் பலர் வீட்டில் டேபிள் டென்னிஸை ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆடுகிறார்கள். முகத்துக்கு நேரே ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டால் இன்னும் நல்லது. லேசாகக் குமட்டத் தொடங்கியதுமே கழற்றிவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது.

ஆனால் எட்டு வயது. குவெஸ்ட் கருவிகளுக்கு மெட்டா நிறுவனம் வைத்திருக்கும் குறைந்த வயதே 10, அதுவும் பெற்றோர் பொறுப்பில் இருக்கிற அக்கவுண்டில்தான். சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2-க்கு 12. கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரமும் சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு. குவெஸ்ட் 3எஸ் என்ற மாடலில் லென்ஸ்களின் இடைவெளிக்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள், உங்கள் மகளுக்கு எதுவும் பொருந்தாமல் போகலாம். பொருந்தாவிட்டால் படம் மங்கும், கண் வலிக்கும். இரண்டு வருடம் பொறுங்கள். அதுவரை மாலிலும் அந்த நாற்காலி வேண்டாம், ராட்டினத்தில் ஏற்றுங்கள், அதில் கண்ணும் உடம்பும் ஒன்றாகச் சுற்றுகின்றன.

மதுரை கல்லூரி மாணவர்: வெளியூரில் நண்பர்களோடு ஒரு பெரிய கூடத்தில் ஹெட்செட் மாட்டி, உண்மையாகவே நடந்துபோய் ஆடினோம். ஊருக்கு வந்து நண்பன் வீட்டு ஹெட்செட்டில் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. படம் என்னவோ வீட்டில்தான் தெளிவாக இருந்தது. ஏன் அப்படி?

தம்பி, பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். படத்தின் தெளிவில் வீட்டுக் கருவி தோற்பதில்லை, பல இடங்களில் ஜெயிக்கிறது. கூடம் வைத்திருப்பவர்கள் வாங்கிப்போட்ட கருவியை வருடக்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கிறது, வீட்டில் புது மாடல் முந்திக்கொள்கிறது.

அங்கே உங்களைக் கட்டிப்போட்டது தரை. நடந்தால் நடந்த அளவுக்கு உலகம் நகர்கிறது, பக்கத்தில் நண்பனின் குரலும் காலடிச் சத்தமும் அவன் இருக்கிற திசையிலிருந்தே வருகின்றன. ஜீரோ லேட்டன்சி என்ற நிறுவனம் இப்படி ஒரு கூடத்தை 2015-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் திறந்தது. அமெரிக்காவில் தி வாய்ட் என்று ஒன்று இருந்தது, அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படத்தில் சுவர் தெரிகிற இடத்தில் நிஜமாகவே சுவர் எழுப்பினார்கள், நெருப்பு தெரிந்தால் வெப்பக் காற்று விட்டார்கள். கை நீட்டினால் சுவர் கையில் தட்டுப்படும். கை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால் அதன் பிறகு கண் காட்டுவதை மனசு கேள்வி கேட்பதில்லை. 2020-ல் அவர்கள் கூடங்கள் மூடப்பட்டுவிட்டன, எனக்கு அதில் உண்மையான வருத்தம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நீங்கள் நேராக நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே படத்தை உங்களுக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, உங்களை வளைத்து நடக்கவைக்கலாம். கூடம் பெரிதாக இருந்தால்தான் இது எடுபடும். ஆறரை அடியில் முடியாது, அதனால் வீட்டில் கட்டைவிரலால் கண்ட்ரோலரில் உள்ள குச்சியைத் தள்ளி நடக்கிறோம். கால் சும்மா நிற்க உலகம் மட்டும் நகர்ந்தால் சப்பென்றுதான் இருக்கும். வீட்டில் நடக்கிற கேமை விட்டுவிட்டு, நின்றபடி கை வேலை இருக்கிற கேமை எடுங்கள். நடக்கணும் என்று ஆசை வந்தால் நான்கு பேராகச் சேர்ந்து காசு சேர்த்து அந்தக் கூடத்துக்கே போங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: அண்ணே, நான்கு ஹெட்செட் வாங்கி, சித்திரைப் பொருட்காட்சி, ஊர்த் திருவிழா என்று ஸ்டால் போடலாமா? கட்டுப்படியாகுமா?

கூட்டத்தைப் பார்த்தால் கட்டும் என்றுதான் தோன்றும். ஆனால் மாட்டிவிடுகிற நேரத்தைக் கணக்கில் சேருங்கள். ஐந்து நிமிட ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பட்டையைச் சரிசெய்ய, படம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்க, வேர்வையைத் துடைக்க மூன்று நிமிடம் போகும். எட்டு நிமிடத்துக்கு ஓர் ஆள் என்றால் ஒரு ஹெட்செட்டில் மணிக்கு ஏழு பேர்தான். அதே நேரத்தில் பக்கத்து ராட்டினம் எத்தனை பேரை ஏற்றி இறக்கும் என்று நின்று எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்கா 2016-ல் நிஜ ரோலர் கோஸ்டரில் வி.ஆர். கண்ணாடியை மாட்டி விட்டது, சில வருடத்தில் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய பூங்காவுக்கே அது நிற்கவில்லை.

அப்புறம் சார்ஜ். இரண்டு மணி நேரத்தில் இறங்கும், திருவிழாக் கூட்டம் ஏழு மணிக்குமேல்தான் வரும், அந்த நேரத்தில் நான்கும் சார்ஜரில் தொங்கினால் என்ன செய்வீர்கள்? பவர் பேங்க் கட்டாயம். முகத்தில் படுகிற பஞ்சை எடுத்துவிட்டுத் துடைக்கக்கூடிய சிலிக்கான் உறை போடுங்கள், சித்திரை வெயிலில் பத்துப் பேர் வேர்வை ஊறிய பஞ்சை பதினோராவது ஆள் முகத்தில் வைக்கக் கூடாது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய கேமைக் காசு வாங்கிக்கொண்டு ஊராருக்குக் காட்டப் பொதுவாக அனுமதி கிடையாது, அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். இதை விசாரிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். முதலில் இரண்டே இரண்டு கருவியோடு ஒரு பள்ளி ஆண்டு விழாவில் போட்டுப் பாருங்கள்.

வாடிப்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் மனைவிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. காசியைப் பார்க்கணும் என்று முப்பது வருட ஆசை. போனைச் செருகுகிற அட்டைப் பெட்டி போதுமா, பெரிய ஹெட்செட் வேண்டுமா? மாலில் இப்படி ஏதும் காட்டுவார்களா?

மாலில் காட்டமாட்டார்கள் ஐயா, அங்கே பேயும் ரோலர் கோஸ்டரும்தான். இது வீட்டில்தான் நடக்கும்.

அட்டைப் பெட்டியில், கூகுள் 2014-ல் கொண்டுவந்த வகை அது, தலையைத் திருப்பினால் நாலா பக்கமும் தெரியும். ஆனால் முன்னால் குனிந்தால் படம் கூடவே வரும், அது சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். நல்ல ஹெட்செட்டில் குனிந்தால் குனிந்தபடி, எட்டிப்பார்த்தால் எட்டிப்பார்த்தபடி. என்றாலும் 360 டிகிரி வீடியோ எதில் பார்த்தாலும் கேமரா வைத்த இடத்திலிருந்துதான் பார்க்கிறோம், அதனால் நீங்கள் கேட்கிற வேலைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெளிவிலும் கழுத்தில் ஏறுகிற பாரத்திலும்தான். முதலில் அட்டைப் பெட்டி. பிடித்திருந்தால் பெரியதை யோசியுங்கள். கேமரா அசையாமல் ஓரிடத்தில் நிற்கிற வீடியோவாகத் தேடுங்கள், படகிலிருந்து எடுத்தது வேண்டாம். சுழல்கிற நாற்காலி தேடாதீர்கள், கைப்பிடி உள்ள கனமான நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தலைசுற்றல் தொந்தரவு உண்டென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

என் அத்தைக்கு இப்படித்தான் கங்கைக்கரைப் படித்துறையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையைக் குவித்துக் கீழே நீட்டினார், தண்ணீர் அள்ள. கை தொடையில் பட்டதும்தான் நின்றது. அன்றைக்கே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கலாமே என்று பிறகு தோன்றியது. நீங்கள் வைத்துவிடுங்கள்.

பார்த்து முடித்ததும் ஹெட்செட்டை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். நான் ஒரு நாள் மதியம் லென்ஸ் மேலே பார்த்தபடி மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலை லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி குவித்து, உள்ளே திரையில் மிளகு அளவுக்கு மஞ்சள் புள்ளி விழுந்துவிட்டது. அது இன்னும் அப்படியே இருக்கிறது. மதுரை வெயிலுக்குச் சில நிமிடம் போதும், உறைக்குள் போட்டு பீரோவில் வையுங்கள்.