போதையில் வண்டி ஓட்டிய வழக்குகளில் ரத்தப் பரிசோதனை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுவுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கஞ்சாவுக்கு எவ்வளவு? – சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

நம் நாட்டில் கஞ்சாவுக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மது என்றால் 30 மில்லிகிராமைத் தாண்டியதும் குற்றம். ஆள் தள்ளாடினாரா என்று பார்க்க வேண்டியதில்லை. போதைப்பொருள் என்றால், வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தார் என்று காட்டியாக வேண்டும். தண்டனை இரண்டுக்கும் ஒன்றுதான். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

எண் வைத்த நாடுகளும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் முதல் டி.எச்.சி.க்கு (கஞ்சாவில் போதை தருவது இதுதான்) லிட்டர் ரத்தத்தில் 2 மைக்ரோகிராம். ஜெர்மனியில் 2024 ஆகஸ்டிலிருந்து 3.5. ஜெர்மனி தாராளமாக விட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அளப்பது சீரத்தில் (ரத்த அணுக்களை நீக்கியபின் மிஞ்சும் தெளிந்த நீர்). அது முழு ரத்தத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு காட்டும்.

ஆனால் மதுவைப் போல டி.எச்.சி. அளவும் தடுமாற்றமும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சம் தொட்டு மளமளவென்று இறங்கிவிடும்; மயக்கமோ மணிக்கணக்கில் நிற்கும். தினமும் புகைப்பவருக்கு, நிறுத்திப் பல நாள் கழித்தும் ரத்தத்தில் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைவிட, அந்த நேரத்தில் டாக்டர் ஆளைப் பார்த்து எழுதிய குறிப்பு முக்கியம் என்கிறேன்.

விபத்துக்குப் பிறகு மகனின் சிறுநீரில் கஞ்சா இருந்ததாக ரிப்போர்ட் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்பு புகைத்ததுதான் என்கிறான். அப்படி இருக்க முடியுமா? – ஒரு தாய், சேலம்

இருக்க முடியும், அம்மா. சிறுநீரில் பிடிபடுவது உடல் கஞ்சாவைச் சிதைத்த பிறகு மிஞ்சும் கழிவு. அதற்குப் போதை கிடையாது. பழக்கமுள்ளவர்களிடம் வாரக்கணக்கில்கூடத் தங்கும். வண்டி ஓட்டிய நேரத்தில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதை அது சொல்லாது. ரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு, டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று வக்கீல் மூலம் கேளுங்கள். ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தது முதல்கட்டச் சோதனை மட்டுமே. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறின் எடையை வைத்துப் பொருளை இனங்காணும் ஆய்வகக் கருவி) உறுதி செய்தார்களா என்பதையும் பாருங்கள்.

கேசுவால்டியில் ரத்தம் எடுத்துக் கொடுக்கிறோம். எதில் கவனம் வேண்டும்? – டியூட்டி டாக்டர், தஞ்சாவூர்

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. வழக்கின் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். சோடியம் ஃபுளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாயில் எடுங்கள். கிருமிகள் ரத்தத்தில் புதிதாக ஆல்கஹால் உண்டாக்குவதையும், கொக்கைன் சிதைவதையும் அது கட்டுப்படுத்தும். சீல் வைத்துக் குளிரில் வைத்து அனுப்புங்கள்.

இதையெல்லாம்விட அடிக்கடி விட்டுப்போவது ஒன்று உண்டு. காயம்பட்டவருக்கு நீங்களே மிடசோலம், டிரமடால், கீட்டமின் போன்ற மயக்க, வலி மருந்துகளைக் கொடுத்திருப்பீர்கள். அதற்கப்புறம் எடுத்த ரத்தத்தில் அவை இருக்கத்தானே செய்யும்? உயிர்தான் முதலில், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு, ஆம்புலன்ஸில் கொடுத்தது என்ன, ரத்தம் எடுத்தது எப்போது என்று நான்கு வரி எழுதிவிடுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் போதையே தொடாத ஒருவர் கோர்ட்டில் நிற்க நேரும்.

கூடவே கண்பாவை அளவு, பேச்சு, நடை, நாடித்துடிப்பு ஆகியவற்றையும் எழுதுங்கள். ‘போதையில் இருந்தார்’ என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது.

தூக்கத்துக்கு டாக்டர் அல்பிரசோலம் கொடுத்திருக்கிறார். சீட்டு இருந்தால் பிரச்சினை இல்லையே? – கால் டாக்ஸி ஓட்டுநர், கோவை

மாத்திரையை வைத்திருப்பதற்குச் சீட்டு பாதுகாப்பு. வண்டி ஓட்டுவதற்கு அல்ல. அல்பிரசோலம் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-இல் சீட்டுக்கென்று விலக்கு எதுவும் இல்லை. ராத்திரி டூட்டி பார்ப்பதை டாக்டரிடம் சொல்லி மருந்தையோ நேரத்தையோ மாற்றச் சொல்லுங்கள், அண்ணா. நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். அது வலிப்பில்கூடக் கொண்டுபோய் விடலாம்.

குருமாவில் கசகசா சாப்பிட்டால் சோதனையில் மாட்டுமா? – வாசகர், மதுரை

சிறுநீரில் மார்பின் (அபினில் உள்ள போதைப்பொருள்) காட்டலாம், உண்மைதான். அதனால் தடுமாற்றம் வராது.

ரத்தம் தர மறுக்கலாமா? – வாசகர், சென்னை

மறுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி, தக்க காரணம் இல்லாதபோது, அதையே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலுவாக எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் எடுப்பதைச் சொல்லும் 204-ஆம் பிரிவு ஊதும் கருவியையும் மதுவையும் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. கஞ்சாவை அந்தக் கருவி காட்டாது. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை, சீக்கிரம் அடைக்க வேண்டும். இப்போதைக்கு, கைதானவரை டாக்டரிடம் பரிசோதிக்கச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 51-ஆம் பிரிவு போலீசுக்குக் கைகொடுக்கிறது. ரத்தமும் அதில் அடங்கும், தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம்.

உங்களுக்கும் உரிமை உண்டு. 185-இல் வாரண்ட் இல்லாமல் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு. 204-இன்படி பெண்ணிடம் ஆண் டாக்டர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும். கைதான நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் வீட்டிலிருந்து வந்தவர் யாராவது குறித்து வைத்துக்கொள்ளட்டும்.