கண்ணாடி இருக்கட்டும், தோளைக் கவனித்தீர்களா?

வி.ஆர். கண்ணாடி (கண்ணை மூடி மாட்டினால் கணினி உலகையும் விளையாட்டையும் எதிரே காட்டும் கருவி) மாட்டினால் என் மாமனாரின் பக்கவாதத் தோள்வலி போய்விடுமா? – வாசகி, குடியாத்தம்

போகாது. மாட்டியிருக்கும்போது குறையலாம். மனம் வேறொன்றில் ஆழ்ந்தால் வலி உறைப்பதில்லை, சூட்சுமம் அவ்வளவுதான். அமெரிக்காவின் சியாட்டிலில் தீக்காயப் புண்ணைச் சுத்தம் செய்யும் நேரத்தில் கணினி உலகைக் காட்டி 1990களிலேயே தொடங்கிய வழி இது. பக்கவாத வலிக்குச் சான்றுகள் இன்னும் அத்தனை கெட்டியாக இல்லை. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? – ஆம்பூர்

முதலில் 10 நிமிடம். குமட்டல், தலைசுற்றல் இல்லையென்றால் 20. கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து மட்டுமே. கருவி ஏறக்குறைய அரை கிலோ; கழுத்து தாங்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் மாட்டினால் வேர்வையில் கண்ணாடி மங்கி, நோயாளியே கழற்றி எறிவார்.

வலிக்கு எந்த விளையாட்டு நல்லது? – காட்பாடி

எந்தக் கை, எத்தனை மாதம், எங்கே வலி, ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியன் அல்ல.

கண்ணாடி மாட்டியதும் அப்பாவுக்கு வலி தெரிவதில்லை. அந்த நேரத்தில் உத்தரத்தில் ராட்டினம் கட்டி, விழுந்த கையைத் தலைக்கு மேல் இழுத்துவிடுகிறோம். சரிதானே? – ஆற்காடு

தவறு. இன்றே ராட்டினத்தை அவிழ்த்துவிடுங்கள். வலி என்பது தோளின் காவல்காரன். அவனைத் தூங்கவைத்துவிட்டுக் கதவை உடைக்கிறீர்கள். வாதம் வந்த தோளில் தசை தளர்ந்து, கையின் பாரத்திலேயே மூட்டு இறங்கிவிடும். தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் மேலே போனால் உள்ளே தசைநார் நசுங்கும். தோள் மட்டத்துக்கு மேல் வீட்டார் தூக்கவே வேண்டாம்.

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்குப் போனேன். மேசைமேல் புத்தம்புதுக் கருவி. என்னைப் பார்த்ததும் மகன், அப்பாவின் விழுந்த கையைப் பிடித்தே இழுத்து உட்காரவைத்தார். பெரியவர் பல்லைக் கடித்தார். தோளெலும்புக்குக் கீழே தடவினேன். என் விரல் ஒன்று பள்ளத்தில் பதிந்தது; மூட்டு இறங்கியிருந்தது. அன்று நான் கேட்டது கருவியை அல்ல, ஒரு தலையணையை. உட்கார்ந்தாலும் படுத்தாலும் கைக்கு அடியில் தலையணை. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் ராட்டினக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

கருவி வாங்க வசதியில்லை. அம்மாவின் கை வீங்கி, சிவந்து, தொட்டாலே எரிகிறது. – ஆரணி

முதலில் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இது வெறும் தோள்வலி அல்ல. அவர் சரியென்றால் முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் காட்டிய வழி. கண்ணாடியை நடுவில் நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தபடி, விழுந்த கையே அசைவதுபோலத் தெரியும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பின் இருமுறை வலிப்பு வந்தது. கருவி மாட்டலாமா? – வாலாஜா

நரம்பியல் மருத்துவர் அனுமதிக்காமல் கூடாது.