பையன் திடீரென்று பாஸ்போர்ட் கேட்கிறான்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: நெல்பேட்டை பக்கம் எங்கள் வீடு. மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். கொஞ்ச நாளாக விடிய விடிய போனும் கையுமாக இருக்கிறான். கூட்டாளிகளோடு பேச்சில்லை, கிரிக்கெட் மட்டையையும் பேடையும் தம்பியிடம் கொடுத்துவிட்டான். சின்ன வயதிலிருந்து ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்தையே வழிதவறியவர் என்கிறான். போன வாரம் பாஸ்போர்ட் எடுத்துத் தரச் சொன்னான், எதற்கு என்றால் வாயைத் திறக்கவில்லை. வெளிநாட்டில் ஏதாவது இயக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுவானோ என்று அவன் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? போலீசில் சொன்னால் அவன் வாழ்க்கை என்ன ஆகும்? (ஒரு தந்தை, மதுரை)

பதில்: ஐயா, போனைப் பிடுங்காதீர்கள். கை நீட்டவும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். போனில் அந்தப் பக்கம் யாராவது அவனை இழுக்கப் பார்த்தால், அந்த ஆள் உங்கள் மகனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: "உன் வீட்டுக்கு உன்னைப் புரியாது, நாங்கதான் உன் குடும்பம்." நீங்கள் போனை உடைத்தால் அவன் சொன்னது பலித்துவிட்டது. பையன் இன்னொரு போன் வாங்குவான், அதை நீங்கள் பார்க்கவே முடியாது.

இந்த மாதிரி விஷயத்தில் எது அபாய அறிகுறி, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கலாம். தாடி வைப்பது, அஞ்சு வேளையும் தொழுவது, சினிமா பார்க்காமல் விடுவது எதுவும் அறிகுறி இல்லை. இதைப் பார்த்துப் பயப்படுகிற பெற்றோர்கள் நிறைய, அந்தப் பயத்தால் வீட்டுக்குள் வீணாகச் சண்டை வருகிறது. சொந்தப் பள்ளிவாசலை, ஓதிக்கொடுத்தவரை, உங்களை எல்லாம் சேர்த்து வழிதவறியவர்கள் என்று ஒதுக்குவதுதான் கவனிக்க வேண்டியது. பழைய நட்பை முழுசாக அறுப்பது, ராத்திரியில் மட்டும் பேசுகிற முகம் தெரியாத ஓர் "அண்ணன்", காரணம் சொல்லாத பாஸ்போர்ட், கையில் திடீர்ப் பணம், இவையும் அப்படித்தான். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சாதாரண விளக்கம் இருக்கலாம், பாஸ்போர்ட்டுகூட துபாய் வேலைக் கனவாக இருக்கலாம். சேர்ந்து வரும்போதுதான் யோசிக்க வேண்டும்.

அந்தக் கிரிக்கெட் மட்டை விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. பிடித்த பொருளைக் கொடுத்துவிடுவது, சின்னச் சின்னக் கடனைத் தேடிப்போய் அடைப்பது, காரணமில்லாமல் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது, இதெல்லாம் கிளம்பப் போகிறவன் செய்வது. உயிரை விட நினைக்கிற பிள்ளையும் இதையேதான் செய்யும். ஆகவே இன்றைக்கே, தனியாக, நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினாலோ அவனைத் தனியாக விடாதீர்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும்.

சரி, இந்த வலையை எப்படி விரிக்கிறார்கள்? முதலில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒரு வீடியோ, குண்டு விழுந்த வீடு, ரத்தம் வடியும் குழந்தை. அந்தக் கொடுமை பெரும்பாலும் உண்மைதான், அதைப் பார்த்து உங்கள் மகன் அழுதிருந்தால் அவன் நல்ல பிள்ளை. அடியில் அவன் ஒரு வரி எழுதியதும் யாரோ தனியாக வந்து பேசுவார்கள், அப்புறம் டெலிகிராம் மாதிரி ஒரு ரகசியக் குழு. ராத்திரி ரெண்டு மணிக்கும் பதில் வரும். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்பார்கள், அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார்கள். வீட்டில் அப்படி யாராவது கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று பையனுக்குத் தோன்றும். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் வரும். அதற்குப் பிறகுதான் "யாரிடமும் சொல்லாதே", சின்னதாக ஒரு வேலை, கடைசியில் டிக்கெட்.

இது ஒரு மதத்தின் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 80களில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் ராத்திரியோடு ராத்திரியாக இயக்கத்துக்குப் போனதைப் பார்த்த தாய்மார்கள் நம் ஆனையூர் முகாமிலேயே இருப்பார்கள். அந்தப் போராட்டத்தின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. காலையில் காலிப் பாயைப் பார்த்த அம்மாவின் வலி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

2015 பிப்ரவரியில் லண்டனில் ஒரே பள்ளியில் படித்த மூன்று மாணவிகள், 15, 16 வயதுதான், இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறி அங்கிருந்து சிரியாவுக்கு, ஐ.எஸ். (இஸ்லாமிக் ஸ்டேட்) என்ற ஆயுத அமைப்பில் சேரப் போய்விட்டார்கள். ஒருத்தி வீட்டில் சொன்னது, கல்யாணத்துக்குப் போகிறேன் என்று. அவர்களுடைய தோழி ஒருத்தி இரண்டு மாதம் முன்பே போயிருந்தாள். போலீஸ் அதைப் பற்றிப் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தை இந்தப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தனுப்ப, அவர்கள் அதைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவிட்டார்கள். பெற்றோருக்கு விஷயமே தெரியாது. 2016-ல் கேரளாவின் காசர்கோடு, பாலக்காடு பக்கமிருந்து 21 பேர் அதே அமைப்பில் சேர ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள், அவர்களில் படித்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாம் உண்டு. போனவர்களுக்கு என்ன கிடைத்தது? போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண்களைப் பூட்டிய வீட்டில் வைத்துக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். சிரியாவில் ஐ.எஸ். கையிலிருந்த கடைசி ஊரான பாகூஸ் 2019 மார்ச்சில் விழுந்தபோது மிச்சமிருந்த பெண்களும் குழந்தைகளும் அல் ஹோல் முகாமில் அடைபட்டார்கள். அந்த லண்டன் பிள்ளைகளில் ஒருத்திக்கு அதே வருடம் பிரிட்டன் குடியுரிமையும் போனது.

மகனிடம் எப்படிப் பேசுவது? "எவன்டா அவன், போனைக் காட்டு" என்று ஆரம்பித்தால் அன்றோடு பேச்சு முடிந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு டீக்கடைக்குப் போங்கள். "அந்த வீடியோவுல இருந்த பிள்ளைகளைப் பாத்தா எனக்கும் வயிறு எரியுதுப்பா. நாம என்ன செய்யணும்னு நீ நெனைக்கிற?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் சொல்வது அபத்தமாகவே இருந்தாலும் குறுக்கே பேசாதீர்கள். அப்புறம், வேறொரு நாள், ஒரே ஒரு கேள்வி: "உன்மேல இவ்வளவு பாசமா இருக்கிறவர் எதுக்குப்பா அத்தாகிட்ட மறைக்கச் சொல்றாரு?" இதை அவன் மனசுக்குள் கொண்டுபோவான்.

மார்க்க விஷயத்தில் நீங்கள் வாதாட வேண்டாம். அவனுக்கு எழுதிக்கொடுத்த பதில்கள் தயாராக இருக்கும், நீங்கள் தோற்பீர்கள். அவன் இன்னும் மதிக்கிற ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) இருந்தால் அவர் பேசட்டும். 2014 செப்டம்பரில் உலகம் முழுவதுமிருந்து 126 முஸ்லிம் அறிஞர்கள் ஐ.எஸ். தலைவனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் அந்த அமைப்பின் வாதங்களை மார்க்க ஆதாரத்தோடு ஒவ்வொன்றாக மறுக்கிறது, அவருக்கு அது உதவும்.

இனி போலீஸ் பற்றி. உங்கள் பயம் நியாயமானது, அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். ஐ.எஸ். இங்கே 2015 முதல் தடைசெய்யப்பட்ட அமைப்பு, உபா (யு.ஏ.பி.ஏ.) என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் ஒருமுறை வழக்குப் பதிவானால் ஜாமீன் கிடைப்பது கடினம். அதனால்தான் சீக்கிரம் அசைய வேண்டும் என்கிறேன். வெறும் பேச்சும் கோபமுமாக இருக்கிற கட்டத்தில் மனநல ஆலோசகர், ஆலிம், அவனுக்குப் பிடித்த மாமா போதும். ஆனால் டிக்கெட், பணம், பயணத் தேதி, "அங்க வந்து சேர்" என்கிற செய்தி, இதில் எதைப் பார்த்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். ஒரு வக்கீலையோ ஜமாத் பெரியவரையோ கூட்டிக்கொண்டு நீங்களே போய்ச் சொல்லுங்கள். போவதற்கு முன்பு தகப்பன் கொண்டுவரும் தகவல் பிள்ளையைத் தடுத்து நிறுத்தும், போன பிறகு என்றால் அது வழக்காகத்தான் ஆகும். 18 ஆகாதவன் சட்டப்படி சிறார். தடைசெய்யப்பட்ட ஆயுதக் குழு சிறாரைச் சேர்த்தால் சேர்த்தவனுக்கு 7 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் என்று 2015 இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. போனில் இருக்கும் செய்திகளை அழிக்காதீர்கள், அவனை மாதிரி நடித்து அந்த ஆளோடு நீங்கள் பேசவும் வேண்டாம்.

ஒருவேளை ஒருநாள் காணவில்லை என்றால் மாட்டுத்தாவணியிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் நீங்களே தேடிக்கொண்டு நேரம் போக்காதீர்கள். உடனே 112, அல்லது சிறார் உதவிக்கு 1098. 24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், சிறார் காணாமல் போனால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்பது 2013-லேயே வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. அதையும் தாண்டிப் போயேவிட்டான் என்றால், அவன் கூப்பிடும்போது திட்டாமல் பேசுங்கள், பெர்லினில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே தொடங்கிய ஹயாத் ஆலோசனை மையமும் தொடர்பை விடாதீர்கள் என்றுதான் பெற்றோருக்குச் சொன்னது. ஆனால் பணம் மட்டும் அனுப்பாதீர்கள், எவ்வளவு அழுதாலும்.

பாஸ்போர்ட் கேள்விக்கு இப்போதைக்கு மறுக்கவும் வேண்டாம், கையெழுத்துப் போடவும் வேண்டாம். 18 வரை பெற்றோர் சம்மதம் இல்லாமல் கிடைக்காது, "பரீட்சை முடியட்டும், சேர்ந்தே போய் எடுப்போம்" என்று சொல்லுங்கள். அவனுக்கு 18 முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று பாருங்கள், உங்கள் கையில் உள்ள நேரம் அவ்வளவுதான். இந்த வாரமே அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவு ஓ.பி.க்கு முதலில் நீங்களும் அவன் அம்மாவும் மட்டும் போங்கள், அவனை எப்படி அழைத்து வருவது என்பதை அங்கே உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.