சுமையும் சொல்லுரிமையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பள்ளி ஆசிரியை. சென்ற மாதம் எங்களுக்கு மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றி ஒருநாள் பயிற்சி அளித்தார்கள். மூச்சுப்பயிற்சி இதமாகத்தான் இருந்தது. அன்றிரவு ஒன்பதரை மணிக்கு, மதிப்பெண் பட்டியலைப் புதிய படிவத்தில் காலைக்குள் அனுப்பும்படி வாட்ஸப்பில் செய்தி வந்தது. கற்றது எதுவும் கைகொடுக்கவில்லை. குறை என்னிடம்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

குறை உங்களிடம் இல்லை. நிதானமாக மூச்சு விடும்போது படபடப்பு தணிவது உண்மைதான், அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். ஆனால் அந்தச் செய்தி ஏன் அந்த நேரத்தில் வந்தது என்பதையும் யாராவது கேட்டாக வேண்டும்.

வேலை மிகுதியாகவும், அதை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் செய்பவரின் சொல்லுக்கு இடம் குறைவாகவும் இருக்கும் பணிகளில்தான் மனம் அதிகம் நைந்துபோகிறது என்று அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் எழுதினார். பிரிட்டன் அரசு ஊழியர்களிடையே பின்னர் நடந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், தம் வேலைமீது பிடி குறைந்தவர்களுக்கு இதயநோயும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற ஐசிடி-11 எனும் பன்னாட்டு நோய் வகைப்பாடு, பணிச்சோர்வை (burnout) நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவாகவே விளக்குகிறது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், மாலை ஆறு மணிக்குமேல் எந்த வேலையும் சொல்லக்கூடாது என்று நாங்கள் சேர்ந்து கேட்டு, ஒப்புதலும் பெற்றோம். வேலை துளியும் குறையவில்லை; ஆயினும் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்திலேயே செல்பேசியை வைத்திருக்கும் என் வழக்கம் இரண்டே மாதத்தில் போயிற்று.

மாணவர்களுக்கும் இதுவே பொருந்தும் என நம்புகிறேன். ஒரே வாரத்தில் மூன்று தேர்வுகள் குவியும்போது, எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம் என்று வகுப்பையே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தலைமையாசிரியரிடம் தனியாகப் போகாமல், உடன் பணியாற்றும் இரண்டு மூன்று பேரோடு போய், இரவுச் செய்திகளை நிறுத்துவது என்ற ஒன்றை மட்டும் முதலில் கேளுங்கள். இதற்கிடையே தூக்கமின்மையோ காரணம் புரியாத அழுகையோ இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், பேச்சுவார்த்தை முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்